அரை மணி நேரம் கொதித்த கத்தரிக்கோல்

சில வருடங்களுக்கு முன் ஒரு சிறிய கிளினிக்கில், கருவிகளைக் கிருமி நீக்கும் முறையைப் பார்க்கக் கூப்பிட்டிருந்தார்கள். மருத்துவமனை ஆய்வகத்தில் நுண்ணுயிரியல் பார்ப்பவள் நான். அங்கிருந்த சிஸ்டர் ஒரு எவர்சில்வர் ஸ்டெரிலைசரைத் திறந்து, உள்ளே கிடந்த கத்தரிக்கோலைக் காட்டினார். "அரை மணி நேரம் தளதளன்னு கொதிக்க விட்டுத்தான் மேடம் எடுப்போம்."

அவர் மேல் தப்பில்லை. பெரும்பாலான கிருமிகள் அதில் செத்துத்தான் போகும். ஆனால் டெட்டனஸ், ஆந்த்ராக்ஸ் போன்றவற்றை உண்டாக்கும் பாக்டீரியாக்கள் நிலைமை மோசமானதும் ஸ்போராக, அதாவது கெட்டியான உறைக்குள் உறங்கும் விதை போன்ற வடிவமாக மாறிவிடும். அந்த ஸ்போரைக் கொல்லக் கொதிநீரை நம்ப முடியாது. காரணம் அதன் சுவர்.

வெளியிலிருந்து உள்ளே போவோம். மேலே கோட் என்னும் புரத உறை. பேசில்லஸ் சப்டிலிஸ் என்ற மண் பாக்டீரியாவில் மட்டுமே எழுபதுக்கும் மேற்பட்ட புரதங்கள் சேர்ந்து அதை அடுக்கடுக்காகக் கட்டியிருக்கின்றன. ரசாயனங்களைத் தடுப்பது பெரும்பாலும் இதுதான். அதற்குள்ளே கார்டெக்ஸ், பெப்டிடோகிளைக்கான் என்னும் பாக்டீரியாச் சுவர்ப் பொருளாலான தடிமனான அடுக்கு. அதற்கும் உள்ளே, எதையும் எளிதில் விடாத ஒரு சவ்வு. நடுவில் கரு, அதாவது டி.என்.ஏ. இருக்கும் உட்பகுதி.

என்னைக் கேட்டால், கார்டெக்ஸ்தான் இதில் கெட்டிக்காரன். கருவைத் தண்ணீர் ஊறி உப்பிவிடாமல் இறுக்கிப் பிடித்து வைத்திருக்கிறது. வளரும் பாக்டீரியாவின் எடையில் ஏறத்தாழ 80 சதவீதம் தண்ணீர். ஸ்போரின் கருவில் 25 முதல் 50 சதவீதம்தான். தண்ணீர் இருந்த இடத்தைக் கால்சியமும் டைபிகோலினிக் அமிலமும் பிடித்துக்கொள்கின்றன. புரதம் வெந்து போக ஈரம் வேண்டும். நன்றாகக் காய்ந்த பயறு எத்தனை நாள் டப்பாவில் கிடந்தாலும் கெடாமல் இருப்பதை நினைத்துக்கொள்ளுங்கள், கிட்டத்தட்ட அதே சங்கதி. பயறு ஊறினால் முளைப்பது போல, சத்து கிடைத்ததும் ஸ்போர் தன் கார்டெக்ஸைத் தானே கரைத்து, தண்ணீரை உள்ளே விட்டு எழுந்துகொள்ளும்.

1877-இல் ஜான் டிண்டால் என்ற இயற்பியலாளர் இதைத்தான் பிடித்துக்கொண்டார். வைக்கோல் ஊறிய நீரை ஒரே மூச்சில் மணிக்கணக்காகக் கொதிக்க வைத்தாலும் அதில் மறுபடி உயிர் முளைத்தது. இடைவெளி விட்டு விட்டுச் சூடாக்கியபோது நின்றது. இடைவெளியில் முளைத்து மெலிந்தவை அடுத்த சூட்டில் செத்தன.

பூஞ்சை ஸ்போரின் கதை வேறு. அது தாக்குப்பிடிப்பதைவிடப் பரவுவதற்காகப் பிறந்தது. ஆஸ்பெர்ஜில்லஸ் ஃபியூமிகாட்டஸ் என்ற பூஞ்சையின் ஸ்போரில் கைட்டின், குளூக்கன் என்னும் சர்க்கரைச் சங்கிலிகள் சேர்ந்த சுவர், அதன் மேல் வெயிலைத் தாங்க மெலனின் என்னும் கருநிறமி, எல்லாவற்றுக்கும் மேலே தண்ணீர் ஒட்டாத புரத இழைகளின் மெல்லிய போர்வை. அதனால்தான் பூசணம் பிடித்த ரொட்டியைத் தட்டினால் ஸ்போர் பொடியாகப் பறக்கிறது. (முகர்ந்து பார்க்காதீர்கள்.) அந்தப் போர்வை இருக்கும்வரை நம் நோய் எதிர்ப்புச் செல்களுக்கும் அதை அடையாளம் தெரியாது. இரண்டு மூன்று மைக்ரான் அளவுதான் என்பதால் நுரையீரலின் கடைசி அறைவரை போகும். எதிர்ப்புச் சக்தி குறைந்தவர்களுக்கு ஆபத்து. ஆனால் கொதிநீரில் போட்டால் காலி. பழச்சாறு ஆலைகளுக்குத் தலைவலி தரும் சில பூஞ்சைகளின் அஸ்கோஸ்போர்கள் (பாலினப் பெருக்கத்தில் உண்டாகும் ஸ்போர்கள்) இதற்கு விதிவிலக்கு, அவை சாற்றைச் சூடாக்கிக் கிருமி கொல்லும் பாஸ்ச்சரைசேஷனையும் தாண்டிவிடும்.

சரி, வீட்டுக்கு வருவோம். சோறு வெந்தாலும் பேசில்லஸ் சீரியஸ் என்ற பாக்டீரியாவின் ஸ்போர் சாகாது. மணிக்கணக்காக வெளியே வைத்தால் முளைத்து நச்சு சுரக்கும். அந்த வாந்தி நச்சு மறுபடி சூடாக்கினாலும் போகாது. மிஞ்சும் சோற்றைச் சீக்கிரம் ஃபிரிட்ஜில் வையுங்கள். கிளாஸ்ட்ரிடியாய்டிஸ் டிஃபிசைல் என்ற பாக்டீரியாவால் வயிற்றுப்போக்கு வந்த நோயாளியைப் பார்த்துவிட்டு சானிட்டைசரை மட்டும் தேய்ப்பதும் பயனில்லை. ஆல்கஹால் கோட் உறையைத் தாண்டாது. சோப்புப் போட்டுக் கழுவினால் ஸ்போர் சாகாவிட்டாலும் தண்ணீரோடு போய்விடும்.

அந்த கிளினிக்கில் அப்புறம் ஆட்டோகிளேவ் என்னும், அழுத்த நீராவியால் கிருமி கொல்லும் கருவியை வாங்கினார்கள். 15 பவுண்டு அழுத்தம், 121 டிகிரி, 15 நிமிடம். கருவிகளை அடைத்த டிரம்மில் ஒட்டிய அடையாள டேப்பில் கறுப்புக் கோடுகளும் வந்தன. டேப் சூடு பட்டதை மட்டுமே சொல்லும் என்பதால், ஜியோபேசில்லஸ் என்னும், சூட்டை நன்றாகத் தாங்கும் பாக்டீரியாவின் ஸ்போர் உள்ள ஆம்பூல் (மூடிய சிறு கண்ணாடிக் குப்பி) ஒன்றை டிரம்மின் நடுவில் வைக்கச் சொன்னேன். ஆய்வகத்தில் 56 டிகிரியில் வைத்துப் பார்த்தால் மறுநாள் ஊதா நிறம் மஞ்சளாகியிருந்தது. ஸ்போர் உயிரோடு இருக்கிறது! டிரம்மில் துணியைத் திணித்து அடைத்திருந்ததால் நீராவி நடுவரை போகவில்லை. அடுத்த தடவை தளர்வாக அடுக்கினார்கள். ஆம்பூல் ஊதாவாகவே இருந்தது.