மார்கழிப் பனியில் விழுந்த ஆர்சிசிபி

தங்கச்சிமடத்தில் எங்கள் வீட்டு ஆர்சிசிபி, அதாவது மின்சாரம் கசிந்தால் தானே விழுந்து கரண்டை நிறுத்தும் சுவிட்ச், போன மார்கழி முழுக்க விடிகாலையில் விழுந்துகொண்டே இருந்தது. வெயில் ஏறியதும் தூக்கிவிட்டால் நிற்கும். "கழற்றிப் போட்டுட்டு நேரா கொடுத்துரலாம்ணே" என்றார் வயரிங் பார்க்கும் தம்பி. நான் ஒத்துக்கொள்ளவில்லை.

அந்தப் பெட்டிக்குள் உளுந்து வடை மாதிரி ஒரு காந்த வளையம் இருக்கிறது. பேஸ், நியூட்ரல் இரண்டு வயரும் அதன் ஓட்டை வழியாகத்தான் போகின்றன. பேஸில் போன மின்சாரம் அப்படியே நியூட்ரலில் திரும்பினால், எதிரெதிராக ஓடும் இரண்டின் காந்தப்புலமும் ஒன்றையொன்று அழித்துவிடும். வளையம் சும்மா கிடக்கும். நடுவில் கொஞ்சம் மின்சாரம் ஈரச் சுவர் வழியாகவோ நம் உடம்பு வழியாகவோ மண்ணுக்குள் இறங்கிவிட்டால் கணக்கு இடிக்கும். மிஞ்சிய காந்தப்புலம் வளையத்தில் சுற்றிய மெல்லிய கம்பிச்சுருளில் மின்சாரத்தைத் தூண்டும். ரிலே என்ற சின்னக் காந்தப் பூட்டு விடுபட்டு, ஸ்பிரிங் தட்டி, இரண்டு வயரிலும் இணைப்பு துண்டாகும்.

அளவுக்கு மீறி மின்சாரம் பாய்ந்தால் விழும் எம்சிபி சுவிட்ச் போதாதா என்று பலர் கேட்கிறார்கள். போதாது. நனைந்த உடம்பின் தடை 1000 ஓம் என்று வையுங்கள். 230 வோல்ட்டில் 0.23 ஆம்பியர் பாயும். ஒரு 60 வாட் குண்டு பல்பு இழுக்கும் அளவுகூட இல்லை. 16 ஆம்பியர் எம்சிபிக்கு அது தெரியவே தெரியாது, ஆனால் இதயத்தை நிறுத்த அது தாராளம். வீட்டுக்குப் போடும் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபியோ, 150 மில்லி ஆம்பியர் கசிந்தாலே 40 மில்லிசெகண்டுக்குள் விழ வேண்டும்.

சரி, எங்கள் வீட்டுக் கதை. கொல்லையில் இருந்த மோட்டார் பெட்டியைத் திறந்தோம். தாமிர முனைகளில் பச்சைக் களிம்பு. பேஸ் திருகுக்கும் தகரப் பெட்டிக்கும் நடுவே வெள்ளையாக உப்புப் படிவு. காய்ந்த உப்பு மின்சாரத்தைக் கடத்தாது. இரவுப் பனியில் அது கசிந்து ஈரமானதும் கடத்தத் தொடங்கிவிடும். வெயில் வந்தால் மறுபடி காய்ந்துவிடும். ஆர்சிசிபி சொன்னது அத்தனையும் நிஜம். அந்தத் தகரப் பெட்டியைத்தான் என் அம்மா தினமும் ஈரக் கையோடு தொட்டு மோட்டார் போடுவார். பெட்டிக்கு எர்த் வயர் இருந்ததால்தான் கசிவு அம்மாவுக்காகக் காத்திருக்காமல் முன்னாலேயே காட்டிக்கொடுத்தது. பிளாஸ்டிக் பெட்டிக்கு மாற்றினோம், விழுவது நின்றது.

ஒருவர் ஒரு கையில் பேஸையும் மறு கையில் நியூட்ரலையும் பிடித்தால் ஆர்சிசிபி காப்பாற்றாது. போன மின்சாரம் அப்படியே திரும்பிவிடுவதால் வளையத்துக்கு அவரும் ஒரு பல்புதான். அப்புறம், பாம்பன், கீழக்கரை, தொண்டி என்று உப்புக் காற்று அடிக்கும் ஊர்களில் உள்ளே இருக்கும் ஸ்பிரிங்கும் இறுகிப்போகலாம். மாதம் ஒருமுறை 'டி' என்று போட்ட டெஸ்ட் பொத்தானை அமுக்குங்கள். அது வேண்டுமென்றே சின்னக் கசிவை உண்டாக்கிப் பார்க்கும். கரண்ட் இருக்கும்போது அமுக்கியும் விழவில்லையென்றால் அன்றைக்கே எலக்ட்ரீசியனைக் கூப்பிட்டு மாற்றிவிடுங்கள்.