கல்லுக்குள் இருப்பது பாம்பா, வளையா?

செட்டிநாட்டுப் புதுவயலிலிருந்து ஒரு வாசகர் இரண்டு படங்கள் அனுப்பியிருந்தார். முதல் படத்தில், வீட்டுப் பின்கட்டில் பழைய சுவரை இடித்தபோது வந்த செம்புறாங்கல். அதன் முகம் முழுக்க நெளிநெளியான குழாய்கள். இரண்டாவது படத்தில் ஒரு சாண் நீளத்துக்கு உருளையான கல், மேலெல்லாம் பருப்பருவாக. அவருடைய மச்சான் பெரம்பலூர்ப் பக்கம் போனபோது காரில் போட்டு எடுத்துவந்ததாம். "முதல் கல் கோடி வருசத்துக்கு முந்தைய புழு துளைத்தது என்கிறான் என் மகன். இரண்டாவதை எங்க ஆத்தா, நாகம் கல்லாய்ப் போனது என்று சொல்லி மஞ்சள் பூசி வாசலில் வைத்துவிட்டார்கள். யார் சொல்வது சரி?" என்று கேட்டிருந்தார்.

முதல் கல்லில் மகனுக்குத் தோல்வி. இரண்டாவதில் ஆத்தாவுக்கும் தோல்விதான், ஆனால் கௌரவமான தோல்வி. ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

புதைபடிவம் என்றதும் எலும்பு, சிப்பி, இலை என்றுதான் மனம் போகும். அதெல்லாம் உடல். அந்த உடல் உயிரோடு இருந்தபோது நடந்தது, ஊர்ந்தது, தோண்டியது, கழித்தது எல்லாமும் கல்லில் பதியலாம். இவற்றுக்குத் தடப் படிவங்கள் என்று பெயர். ஒரு நண்டுக்கு உடல் ஒன்றுதான்; அது வாழ்நாளில் போடும் தடத்துக்குக் கணக்கே இல்லை. தவிர, எலும்பு வெள்ளத்தில் உருண்டு எங்கோ போய்விடும். வளை நகராது. தோண்டிய இடத்திலேயே கிடக்கும். அங்கே அன்று இருந்தது கடலா, சேறா, மணலா என்று கேட்டால் எலும்பைவிட வளையின் சாட்சியத்தைத்தான் நான் நம்புவேன்.

2023இல் கீழடி அருங்காட்சியகம் திறந்த பிறகு எங்கள் பக்கத்தில் யாரும் ஒரு கல்லையும் சும்மா தாண்டிப் போவதில்லை. நல்ல விஷயம். ஆனால் கணக்கைக் குழப்பிக்கொள்ளக் கூடாது. கீழடி பேசுவது சுமார் 2,600 ஆண்டுகளை. மச்சான் எடுத்துவந்த கல் பேசுவது சுமார் பத்து கோடி ஆண்டுகளை, பெரம்பலூர்ப் பக்கம் கடலாக இருந்த காலத்தை. இருந்தாலும் கீழடியில் பார்த்த ஒரு பொருள் நமக்குக் கொஞ்ச நேரத்தில் தேவைப்படும்.

செம்புறாங்கல்லுக்கு வருவோம். செட்டிநாட்டில் இது இல்லாத இடம் குறைவு. ஊருணிப் படி, கோயில் மதில், வீட்டு அஸ்திவாரம் என்று எதிலும் இருக்கும். 1800இல் மலபார் வழியாகப் பயணம் போன பிரான்சிஸ் புக்கானன், அங்காடிப்புரத்தில் இந்தக் கல்லை ஈரமாக இருக்கும்போது செங்கல் போல வெட்டி எடுப்பதையும், காற்றுப் பட்டதும் அது இறுகிவிடுவதையும் பார்த்தார். 1807இல் வந்த தம் பயண நூலில் அதற்கு 'லேட்டரைட்' என்று பெயர் வைத்தார். லத்தீனில் 'லேட்டர்' என்றால் செங்கல்.

அதில் குழாய்கள் எப்படி வந்தன? மழை. ஆயிரமாயிரம் மழைக்காலங்கள் பாறையிலிருந்த சிலிக்காவையும் கரையும் உப்புகளையும் கழுவிக்கொண்டு போய்விடுகின்றன. இரும்பும் அலுமினியமும் தங்கிவிடுகின்றன. நிலத்தடி நீர் ஏறி இறங்க இறங்க இரும்பு அங்கங்கே திரண்டு இறுகுகிறது. இறுகாத இடங்களில் வெளிர்நிறக் களிமண் மிஞ்சுகிறது. அந்தக் களிமண் கரைந்து போனபின் பார்த்தால், கரையான் குடியிருந்து காலி செய்த மாதிரி இருக்கும்.

வாசகர் கல்லின் பக்கத்தில் ஒரு பத்து ரூபாய் நாணயம் வைத்துப் படம் எடுத்திருந்தார், புண்ணியவான். அந்த நாணயத்தின் விட்டம் 27 மில்லிமீட்டர். அதை வைத்து ஒரே குழாயை மூன்று இடத்தில் அளந்தேன். 6, 15, 9 என்று வந்தது. புழு தன் உடம்புக்கு ஏற்ற துளையைத்தான் போடும். நடுவழியில் இரண்டரை மடங்கு பெருத்து மறுபடி இளைக்காது. அப்புறம், இந்தக் குழாய்கள் போகிற வழியில் எல்லாக் குழாய்களோடும் கலந்து, எங்கே ஆரம்பம் எங்கே முடிவு என்றே தெரியாமல் கடற்பஞ்சு மாதிரி இருக்கின்றன. உட்புறத்தில் பழுப்பாக மினுங்கும் ஒரு தோல் இருப்பது உண்மை. மகன் அதைப் பார்த்துத்தான் ஏமாந்திருப்பார். அது யாரும் பூசியதல்ல, இரும்புச் சத்து படிந்தது.

இப்படி ஏமாற்றும் பொருட்கள் நிறைய. கண்மாய் வற்றியதும் சேறு பாளம் பாளமாக வெடிக்கிறதே, அந்த வெடிப்பில் மணல் புகுந்து கல்லானால் நெளியும் புழு போலவே தெரியும்; ஆனால் இரு முனையும் ஊசியாகக் கூர்ந்துவிடும். வெட்டிய கல் பலகைகளில் கறுப்பாகப் பெரணி இலை போலப் படர்ந்திருப்பது பெரும்பாலும் மாங்கனீசுக் கறை. வேரைச் சுற்றிச் சுண்ணாம்பு படிந்து உருவாகும் சுக்கான் கல் குழாய்கள் மட்டும் வேறு கதை. செடியும் உயிர்தானே, பழைய மண்ணில் கிடைத்தால் அதுவும் தடப் படிவம்தான். வேர் கீழே போகப் போகக் கிளைத்து மெலியும். வளை கிளைத்தாலும் அவ்வளவாக மெலியாது.

இனி இரண்டாவது கல். சொல்லப்போனால், இந்தக் கட்டுரையையே இதற்காகத்தான் எழுதுகிறேன்.

படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். விட்டம் ஏறக்குறைய 25 மில்லிமீட்டர், ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை மாறவில்லை. மேலே இருக்கும் பருக்கள் ஒவ்வொன்றும் கொத்தமல்லி விதை அளவு, நெருக்கி நெருக்கி அடுக்கியது போல. மக்காச்சோளக் கதிரைக் கல்லில் வார்த்த மாதிரி என்று சொல்லலாம். முனை உடைந்திருந்தது நல்லதாகப் போயிற்று. அங்கே கருத்த ஒரு வளையம், அதற்கு உள்ளே வெளிர் மணல். வளையத்தின் வெளிப்பக்கம் கரடுமுரடு, உட்பக்கம் வழவழப்பு. அந்த இடத்தில் நான் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டேன்.

இது ஒரு வீட்டின் சுவர். கட்டியது, கடலடி மணலுக்குள்ளேயே வாழ்நாளைக் கழிக்கும், இறாலுக்கு உறவான ஓர் உயிரினம். கல்லியனாசா என்ற பெயரால் அறியப்படும் அந்தக் கூட்டத்தின் உறவுகள் இன்றும் ஆழமில்லாத கடல்களில் இருக்கின்றன. அதற்குள்ள சிக்கல் எளிமையானது: மணலில் குழி தோண்டினால் சரியும். குழந்தைகள் கடற்கரையில் தோண்டிப் பார்க்கும்போது ஐந்தே நிமிடத்தில் தெரிந்துகொள்ளும் பாடம் அது. கீழடியில் இதே சிக்கலுக்கு நம் முன்னோர் கண்ட தீர்வு உறைகிணறு. சுட்ட மண் உறைகளை ஒன்றன்மேல் ஒன்றாக இறக்கி மணலைத் தடுத்து நிறுத்தினார்கள்.

இந்த உயிரினத்திடம் சூளை இல்லை. சேற்றையும் தன் உடலில் சுரக்கும் பிசினையும் சேர்த்துச் சின்னச் சின்ன உருண்டை பிடிக்கிறது. உருண்டையைச் சுவரில் வைத்து அழுத்துகிறது. வெளிப்பக்கம் அது மணலுக்குள் புதைந்து உருண்டையாகவே நிற்கிறது. உட்பக்கத்தைத் தேய்த்து மழமழவென்று ஆக்கிவிடுகிறது. செட்டிநாட்டு வீடுகளில் முட்டை வெள்ளைக் கருவும் சுண்ணாம்பும் சேர்த்து இழைத்த சுவரைத் தடவிப் பார்த்தவர்களுக்கு இது புரியும். உள்ளே கன்னம் வைத்துப் படுக்கலாம், பூச்சுக்குப் பின்னால் கல்லும் செங்கல்லும் எப்படியோ இருந்துவிட்டுப் போகட்டும் என்பதுதான் அந்தக் கொத்தனார்களின் கொள்கை.

உட்பக்கம் எதற்கு வழவழப்பு? அந்த உயிரினம் குழாய்க்குள் வயிற்றுப் பக்கத் துடுப்புக்கால்களை அடித்து அடித்துத் தண்ணீரை ஓடவைக்கிறது. மூச்சுவிட அந்த ஓட்டம் வேண்டும். அதன் வளை ஓராள் ஆழத்துக்கும் கீழே போவதுண்டு. அவ்வளவு தூரம் தண்ணீர் போய் வரச் சுவர் ஒழுகாமலும் தடுக்காமலும் இருக்க வேண்டாமா? குழாய் பிரியும் இடங்களில் கொஞ்சம் அகலமான அறை இருக்கும். சந்துக்குள் போன வண்டியைத் திருப்ப முச்சந்தி தேடுவோமே, அதே தேவைதான், உடம்பைத் திருப்பிக்கொள்ள.

சரி, அது எப்படிக் கல்லானது? உயிரினம் போன பிறகு குழாயை மணல் நிரப்புகிறது. சுவரிலோ சேறும் பிசினும் இருக்கின்றன. அந்தப் பிசினைத் தின்ன நுண்ணுயிர்கள் கூடும் இடத்தில் வேதியியல் மாறுகிறது. இரும்பும் சுண்ணாம்பும் சுற்றியுள்ள மணலைவிட அங்கே சீக்கிரம் படிந்து இறுகுகின்றன. பல கோடி ஆண்டு கழித்து மழை அந்தப் படிவை அரிக்கும்போது மெத்தென்ற மணற்கல் கரைந்துபோகிறது, கெட்டியான குழாய் மட்டும் வெளியே வந்து நிற்கிறது. கட்டியவரின் உடலோ மெல்லிய ஓடு, அநேகமாக மிஞ்சாது. அதிர்ஷ்டம் இருந்தால் ஒரு கொடுக்கு கிடைக்கும்.

இதில் எனக்கு மிகவும் பிடித்த வேடிக்கை ஒன்று உண்டு. இதே உயிரினம் கெட்டியான சேற்றில் தோண்டினால் சுவர் சரியாது, பூச வேண்டியதில்லை, பூசுவதுமில்லை. அப்போது கிடைப்பது பரு இல்லாத வெறுங்குழாய். தடப் படிவத்துக்குப் பெயர் வைப்பது உயிரினத்தைப் பார்த்தல்ல, உருவத்தைப் பார்த்து. ஆகவே பரு இருந்தால் ஓஃபியோமார்ஃபா, இல்லாவிட்டால் தலாசினாய்டிஸ். மணலில் தொடங்கிச் சேற்றுக்குள் இறங்கும் ஒரே வளைக்கு மேல் பாதியில் ஒரு பெயர், கீழ்ப் பாதியில் இன்னொரு பெயர் ஆகிவிடும். அரியலூர், பெரம்பலூர் கடற்படிவுகளில் இரண்டுமே பதிவாகியிருக்கின்றன.

ஆத்தாவுக்கு ஏன் கௌரவமான தோல்வி என்றேன்? கிரேக்கத்தில் 'ஓஃபிஸ்' என்றால் பாம்பு, 'மார்ஃபே' என்றால் உருவம். 1891இல் லுண்ட்கிரேன் என்ற அறிஞர் இதற்கு வைத்த பெயரே பாம்புருவம்தான். கண்ணில் பட்டதைத்தான் இருவரும் சொல்லியிருக்கிறார்கள். ஒருவர் அதோடு நிறுத்திக்கொண்டார், இன்னொருவர் மஞ்சள் பூசினார்.

அறிஞர்களும் ஏமாந்த கதை உண்டு. பத்தொன்பதாம் நூற்றாண்டில் கிளைவிட்ட வளைகளையெல்லாம் கடல்பாசி என்று நினைத்துப் பாசிக்குரிய பெயர்களையே சூட்டினார்கள். 1881இல் சுவீடனின் நாத்தோர்ஸ்ட் புழுக்களையும் வேறு சிற்றுயிர்களையும் ஈரப்பரப்பில் ஊரவிட்டு, அவை போட்ட தடங்களைப் பக்கத்தில் வைத்துக் காட்டினார். அப்படியே பாசி! தாவரவியல் படித்தவரே தம் செடிகளைத் தாமே குறைத்துக்கொண்டது பெரிய மனசு. பாசிப் பெயர்கள் பல இன்னும் மாறவில்லை. டிரைலோபைட்டு என்ற, அழிந்துபோன கடலுயிரி இளைப்பாறிய குழிக்கு ருசோஃபைகஸ் என்று பெயர். அதன் வாலில் இருக்கும் 'ஃபைகஸ்' பாசிதான்.

மஞ்சளைப் பற்றி ஒரு வார்த்தை. சாளக்கிராமத்தின் உள்துளையை வஜ்ரகீடம் என்ற புழு குடைந்தது என்பது மரபு. அதை நான் கேலி செய்ய மாட்டேன். துளை இருக்கிறதே, யார் போட்டது என்று கேட்ட மனம் அது. தடப் படிவக்காரர்கள் கேட்பதும் அதே கேள்விதான். அங்கே பதில் வேறு, உள்ளே இருந்தது அம்மோனைட்டு என்ற, அழிந்துபோன கடலுயிரியின் சுருள் ஓடு. கேள்வி கேட்டவரை மதிக்கலாம். ஆனால் பாலும் எண்ணெயும் மஞ்சளும் ஊறிய கல்லில் சுவர் எது நிரப்பு எது என்று பிரிக்க முடியாது. ஆத்தாவிடம் சொல்லுங்கள்: கும்பிடுவதானால் தூர நின்று கும்பிடட்டும்.

மச்சானிடமும் எனக்குக் கோபம் உண்டு. இப்படிப் பொருள் கண்ணில் பட்டால் எடுக்காதீர்கள். நாணயம் வைத்துப் படம் எடுங்கள். செல்பேசி டார்ச்சைச் சாய்த்து அடித்தால் பருக்கள் நிழலோடு எழுந்து நிற்கும். மேல் எது, கீழ் எது, படுத்திருந்ததா நட்டுக்குத்தலாக நின்றதா, சுற்றி என்ன மண் என்று எழுதிக்கொள்ளுங்கள். இடத்தையும் குறித்துக்கொண்டு அருகிலுள்ள கல்லூரி நிலவியல் (ஜியாலஜி) துறைக்குச் சொல்லுங்கள். நின்ற இடத்தை இழந்த வளை, கதவு எண் இல்லாத வீடு.

துறையில் ஆள் இருக்கிறாரா என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. ஆள் வேண்டுமென்றால் பணம் வேண்டும். அழகப்பச் செட்டியார் 300 ஏக்கரும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்து மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையத்தைக் காரைக்குடிக்குக் கொண்டுவந்தார். 1953இல் அது திறந்தது. பொட்டல் காட்டில் மின்வேதியியல் எதற்கு என்று அன்று யாராவது கேட்டிருப்பார்கள். புழு வளையை ஆராயப் பணம் எதற்கு என்று இன்று கேட்கிறார்கள். எண்ணெய் தேடுகிறவர்கள், துளையிட்டு எடுத்த பாறைத் தண்டில் ஓஃபியோமார்ஃபாவைப் பார்த்துத்தான் பழைய கரையோரம் எது என்று கணிக்கிறார்கள் என்று பதில் சொல்லலாம். எனக்கு அந்தப் பதில்கூடத் தேவையில்லை. பத்து கோடி ஆண்டுக்கு முந்தைய பூச்சு வேலை உதிராமல் இருக்கிறது என்பதே போதும்.

வாசகருக்கு இதையெல்லாம் சுருக்கி எழுதிவிட்டு, மச்சான் அதைச் சரியாக எந்த இடத்தில் எடுத்தார், பெரம்பலூர்ப் பக்கத்துக் காரை என்ற ஊரைத் தாண்டியா, அதற்கு முன்பா என்று கேட்டிருந்தேன். நேற்றுப் பதில் வந்தது. மச்சானுக்கு ஊர்ப் பெயர் நினைவில்லையாம். வண்டிக்குப் பஞ்சர் ஒட்டிய கடையிலிருந்து கொஞ்ச தூரத்தில், ஒரு வேப்பமரத்தடியில் என்கிறாராம்.