பல்லுயிர்ப் 'பெருக்கம்' என்ற பிழை

உலக 'பயோடைவர்சிட்டி' நாளான மே 22 நெருங்கினால் காவிரிப் படுகை ஊர்களில் கருத்தரங்குப் பதாகைகள் முளைத்துவிடும். 'பல்லுயிர்ப் பெருக்கம் காப்போம்' என்று கொட்டை எழுத்தில் இருக்கும். மறுநாள் செய்தித்தாளிலும் வானொலியிலும் அதே சொல். பாடநூல்களிலும் ஏறிவிட்டதால், பிள்ளைகள் அதையே மனப்பாடம் செய்து தேர்வில் எழுதுகிறார்கள். 'பயோடைவர்சிட்டி'க்கு வைத்த அந்தப் பெயரில் 'பெருக்கம்' என்ற பகுதி தவறு. அது சிறு தவறும் இல்லை. சொல்ல வந்த கருத்தையே தலைகீழாக்குகிறது.

மூலச்சொல்லின் வரலாறு சுருக்கமானது. கிரேக்கத்தில் 'பயோஸ்' என்றால் வாழ்வு, உயிர். இலத்தீனின் 'டைவர்சஸ்' வெவ்வேறு பக்கம் திரும்பியதைக் குறிக்கும். வேறுபட்டது என்று கொள்ளலாம். 'பயலாஜிக்கல் டைவர்சிட்டி' என்று நீட்டிச் சொல்லிவந்ததை 1985-இல் வால்டர் ரோசன் 'பயோடைவர்சிட்டி' என்று சுருக்கினார். 1988-இல் எட்வர்ட் வில்சன் தொகுத்த நூல் அதைப் பரப்பியது. இதற்கென உலக நாடுகள் செய்துகொண்ட 1992 ரியோ உடன்படிக்கை மூன்று தளங்களைச் சொன்னது: ஓர் இனத்துக்குள் இருக்கும் வேறுபாடு, இனங்களுக்கு இடையிலான வேறுபாடு, சூழல் அமைப்புகளின் வேறுபாடு. மூன்றிலும் திரும்பத் திரும்ப வருவது வேறுபாடுதான். எண்ணிக்கை எதிலும் இல்லை.

தமிழில் பெருக்கம் என்றால் என்ன? ஆடிப்பெருக்கில் பெருகுவது ஒரே காவிரி நீர். மக்கள்தொகைப் பெருக்கம், கொசுப் பெருக்கம், இனப்பெருக்கம், கணக்கில் பெருக்கல் என எங்கே வந்தாலும், இருப்பது கூடுகிறது என்பதே பொருள். புதிய வகை ஒன்று சேர்ந்தது என்ற பொருள் எந்த இடத்திலும் இல்லை. உயிரியல் பாடத்தில் ஓரிடத்தில் 'இனப்பெருக்கம்', வேறோரிடத்தில் 'பல்லுயிர்ப் பெருக்கம்' என்று படிக்கும் பிள்ளை, முன்னது ஓருயிர் குட்டி போடுவது, பின்னது பல உயிர்கள் குட்டி போடுவது என்று புரிந்துகொண்டால் அந்தப் பிள்ளையைக் குறை சொல்ல முடியாது. தமிழ் அப்படித்தான் சொல்கிறது.

தூர்வாராத ஒரு பாசன வாய்க்காலைப் பாருங்கள். கரைக்குக் கரை ஆகாயத்தாமரை. தென் அமெரிக்காவிலிருந்து வந்த இந்தச் செடி, சத்து மிகுந்த வெதுவெதுப்பான நீரில் இரண்டு வாரத்தில் இரட்டிப்பாகும். இலைப்பாய் மூடியதும் வெயில் உள்ளே இறங்காது. நீருக்குள் வளரும் பாசிகளும் செடிகளும் சாகும். அழுகும் தழை நீரிலுள்ள உயிர்வளியைத் தின்னும், கெண்டை குறையும். மேலே வந்து காற்றைக் குடிக்கும் விராலும் குறவையும் சில காலம் தாக்குப்பிடிக்கும். கரையோரத்தை நெய்வேலிக் காட்டாமணக்கு பிடித்துக்கொள்ளும். இந்த வாய்க்காலில் உயிர் பெருகியிருக்கிறதா என்று கேட்டால், ஆமாம், டன் கணக்கில் பெருகியிருக்கிறது. வகை? விரல் விட்டு எண்ணலாம். பதாகைச் சொல்லின்படி பார்த்தால் இது பாராட்டுக்குரிய வாய்க்கால்.

விவசாயத்துறைக்கே 'விதைப் பெருக்கம்' என்று ஒரு சொல் உண்டு. அங்கே பெருக்கம் சரியான இடத்தில் இருக்கிறது. வல்லுநர் விதை, ஆதார விதை, சான்று விதை என்று ஒரே ரகத்தைப் படிப்படியாகப் பெருக்குவது அது. பக்கத்து ரகம் கலக்காமலிருக்க நெல்லுக்கு 3 மீட்டர் இடைவெளி விடுகிறார்கள். பூக்கும்போதும் முற்றும்போதும் வயலில் இறங்கி, உயரத்திலோ கதிரிலோ மாறி நிற்கும் பயிரை வேரோடு பிடுங்குகிறார்கள். அதற்குக் கலவன் அகற்றுதல் என்று பெயர். அதாவது, வேறுபாட்டை ஒழிப்பதுதான் விதைப் பெருக்கத்தின் வேலை. அதே 'பெருக்கம்' பக்கத்து அலுவலகத்தில் வேறுபாட்டைக் காப்பதற்குப் பெயராக இருந்தால், இரண்டு சுற்றறிக்கையையும் படிக்கும் விவசாயி எதை நம்புவார்?

மரபுத் தளத்திலும் இதையே காணலாம். சம்பாவில் கண்ணுக்கெட்டிய தூரம் ஆயிரத்தொன்பது (சி.ஆர். 1009) என்ற நெல் ரகமே நின்றால் பயிர் கோடிக்கணக்கில் இருக்கும், மரபு ஒன்றுதான். அந்த ரகத்துக்கு வெள்ளம் தாங்கும் 'சப் 1' மரபணுவைச் சேர்த்திருக்கிறார்கள். நாற்று முழுதும் மூழ்கினாலும் இரண்டு வாரம் வரை பிழைத்து எழும். அந்த மரபணு வந்தது ஒடிசாவின் பழைய நாட்டு நெல்லிலிருந்து. யாரோ ஒரு விவசாயி அந்த நெல்லைக் கைவிடாமல் வைத்திருந்ததால் வந்தது. மாப்பிள்ளைச் சம்பா, கருங்குறுவை, பூங்கார், காட்டுயானம், தூயமல்லி என்று ரகம் ரகமாக விதை வைத்திருப்பதற்குப் பெயர் பல்வகைமை.

வகைக்கும் எண்ணிக்கைக்கும் உள்ள உறவு எவ்வளவு நுட்பமானது என்பதை நெல்லைத் தாக்கும் புகையான் பூச்சியில் பார்க்கலாம். தண்டின் அடியில், நீர்மட்டத்துக்குச் சற்று மேலே, பழுப்பு நிறத்தில் கூட்டமாக ஒட்டிச் சாறு உறிஞ்சும். வயல் வட்ட வட்டமாகப் புகைந்ததுபோல் காயும். மருந்தடிக்க வேண்டிய அளவு எது? தூருக்கு, அதாவது ஒரு தண்டுக்கு, 1 பூச்சி. ஆனால் பல தூர் சேர்ந்த குத்துக்கு 1 சிலந்தி இருந்தால் தூருக்கு 2 பூச்சி வரை பொறுக்கலாம். ஒரு சிலந்தி இருப்பதால் வரம்பே இரட்டிப்பாகிறது. இதைப் பாராமல் செயற்கைப் பைரித்ராய்டு வகை மருந்தை அடித்தால் புகையானைத் தின்னும் சிலந்தியும் நாவாய்ப்பூச்சியும் முதலில் சாகும். முட்டைக்குள் தப்பிய புகையான் எதிரியில்லாமல் முன்னைவிட அதிகமாக வரும். தழைச்சத்தை அள்ளிப் போட்டு நெருக்கி நட்டிருந்தால் இன்னும் மோசம். நடும்போதே 8 அடிக்கு ஓரடி இடைவெளியாகப் பட்டம் விடுவதும், தண்ணீரை வடித்து அடித்தண்டில் வெயில் படச் செய்வதும் அதற்காகத்தான். இங்கே வகை குறைந்தது, அதனால் பெருக்கம் வந்தது. இரண்டையும் ஒரே சொல்லில் அடைத்தால் இந்தக் காரணத் தொடரை வயல்வெளிப் பயிற்சியில் எப்படி விளக்குவது?

'பெருக்கம் என்பதற்கு வளம், செழுமை என்றும் பொருள் உண்டே' என்பார்கள். உண்டு, செல்வப் பெருக்கம் என்கிறோம். அப்படியானால் அந்தச் சொல்லை வாக்கியத்தில் ஓட்டிப் பாருங்கள். வகைகள் அழிந்துவருவதை எழுத 'பல்லுயிர்ப் பெருக்க இழப்பு' என்று எழுத வேண்டியிருக்கிறது. வகைகள் கூடின என்பதற்குப் 'பல்லுயிர்ப் பெருக்கம் பெருகியது'. குறைவான பல்வகைமை உள்ள இடத்துக்குக் 'குறைந்த பெருக்கம்'. எந்தப் பக்கம் திருப்பினாலும் இடறுகிறது. கலைச்சொல் என்றால் கூடுதல், குறைதல், இழப்பு, அளவு என்று எல்லா வினையோடும் ஒட்ட வேண்டும். மொழிபெயர்ப்பாளர்கள் தலைப்பை மட்டும் பெயர்த்துவிட்டு நகர்ந்துவிடுவதால்தான் இந்தச் சோதனை நடப்பதே இல்லை.

மற்றச் சொற்களையும் எடைபோட வேண்டும். 'பல்லுயிர்' நல்ல பழஞ்சொல். குறள் 322-இலேயே 'பல்லுயிர் ஓம்புதல்' வருகிறது. ஆனால் அது பல உயிர்களைச் சுட்டும், அவற்றின் வேறுபாடு என்ற பண்பைச் சுட்டாது. 'பல்லுயிர்ப் பன்மை'யில் பல் இரண்டு முறை வருகிறது. 'பல்லுயிரிய'த்தின் ஈற்றைக் கேட்டால் பெண்ணியம், மார்க்சியம் போல ஒரு கொள்கை என்று தோன்றும். 'பன்முகத்தன்மை' ஒரே பொருளின் பல முகங்களுக்குப் பொருந்தும். 'உயிர்ப்பன்மை' இவற்றுள் மேல், சுருக்கமாகவும் இருக்கிறது. ஆனால் இலக்கணத்தில் இரண்டு காகம் இருந்தாலே பன்மை வந்துவிடும். 'உயிரினப் பல்வகைமை' என்றால் இனம் என்ற ஒரே தளத்தில் நின்றுவிடும். நெல் என்ற ஓரினத்துக்குள் இருக்கும் அத்தனை ரகங்களும் வெளியே போய்விடும்.

ஆகவே 'உயிர்ப் பல்வகைமை'. வகை என்ற சொல் உள்ளேயே நிற்கிறது. எந்த ஊர்க்காரருக்கும் அகராதி வேண்டாம். மரபுப் பல்வகைமை, இனப் பல்வகைமை, சூழல் பல்வகைமை என்று மூன்று தளத்துக்கும் நீளும். முத்துப்பேட்டை அலையாத்திக் காடு பரப்பில் பிச்சாவரத்தைவிடப் பெரிது. ஆனால் அங்கே நிற்பது பெரும்பாலும் வெண்கண்டல். சிறிய பிச்சாவரத்தில் சுரபுன்னையும் தில்லையும் வேறு பலவும் சேர்ந்து வளர்கின்றன. 'பிச்சாவரத்தில் இனப் பல்வகைமை கூடுதல்' என்று ஒரே வரியில் சொல்லிவிடலாம். பெருக்கத்தை வைத்துச் சொன்னால் முத்துப்பேட்டை அல்லவா முந்தும்?

இதே கவனக்குறைவு, மனிதரால் சூழலில் நேரும் மாற்றத்தைச் சொல்லும் 'மனிதத் தாக்கம்' என்பதிலும் இருக்கிறது. மனிதரைத் தாக்கியதா, மனிதர் தாக்கினாரா? நல்லதும் இதில் அடங்கும் என்பதும் மறைந்துபோகிறது. அலையாத்தியை மொத்தமாக வெட்டிய இடத்தில் மண் தாழ்ந்து, தேங்கிய கடல்நீர் வற்றி உப்பேறியது மனிதச் செயல். பிறகு மீன்முள் வடிவில் வாய்க்கால் வெட்டி, ஓதநீர் ஏறி வடிய வழிவிட்டு, கன்று நட்டுக் காட்டைத் திரும்பக் கொண்டுவந்ததும் மனிதச் செயல். 'மனிதச் செயல் விளைவு' என்றால் இரண்டும் அடங்கும்.

2002-ஆம் ஆண்டு உயிர்ப் பல்வகைமைச் சட்டப்படி ஊராட்சிதோறும் குழு அமைத்து, ஊரிலுள்ள உயிர் வகைகளுக்கு மக்கள் பதிவேடு எழுத வேண்டும். அந்தப் பதிவேட்டின் தலைப்பில் முதலில் சொல்லைத் திருத்த வேண்டும். வகையின் ஊர்ப்பெயர் ஒரு பத்தியிலும், எவ்வளவு இருக்கிறது என்பது தனிப் பத்தியிலும், முன்பு இருந்து இப்போது காணாதது மூன்றாம் பத்தியிலும் வர வேண்டும். அப்போது ஒரு குளத்தின் பதிவு இப்படி அமையும்: ஜிலேபி மீன், மிக அதிகம், 1952-இல் நாட்டுக்குள் கொண்டுவரப்பட்டது; விரால், அரிது; குறவை, அரிது; ஆரால், காணவில்லை.