பி.ஓ.சி. என்றால் என்னவென்று யாரும் கேட்கவில்லை

குழுவில் சேர்ந்து மூன்று வாரமே ஆகியிருந்த ஓர் இளம் ஊழியரின் குறிப்பேட்டை ஒருநாள் பார்க்க நேர்ந்தது. முன்பக்கங்களில் கூட்டக் குறிப்புகள் ஒழுங்காக இருந்தன. கடைசிப் பக்கத்தில் மட்டும் பென்சிலால் ஒரு பட்டியல் எழுதியிருந்தார். எஸ்.எல்.ஏ., ஆர்.சி.ஏ., எஸ்.ஓ.டபிள்யூ., யூ.ஏ.டி. என்று நீண்டுகொண்டே போன அந்தப் பட்டியலில் சிலவற்றுக்கு எதிரே பொருள் இருந்தது. பலவற்றுக்கு எதிரே கேள்விக்குறி மட்டும் இருந்தது. பி.ஓ.சி. என்பது மூன்று இடங்களில் வந்திருந்தது. மூன்று முறையும் ஏதோ எழுதி அடித்திருந்தார்.

முந்தைய வாரக் கூட்டத்தில், வாடிக்கையாளருக்கான பி.ஓ.சி.யை வெள்ளிக்கிழமைக்குள் தயார் செய்யும்படி மேலாளர் அவரிடம் சொல்லியிருக்கிறார். மேலாளர் நினைத்தது ப்ரூஃப் ஆஃப் கான்செப்ட்; அதாவது, ஒரு யோசனை நடைமுறையில் வேலை செய்யுமா என்று காட்டும் சிறிய முன்மாதிரி. ஊழியர் படித்திருந்த கையேட்டிலோ அதே மூன்று எழுத்துகளுக்குப் பாயின்ட் ஆஃப் கான்டாக்ட், அதாவது தொடர்புக்குரிய நபர் என்று விளக்கம் இருந்தது. வெள்ளிக்கிழமை மாலை அவர் அனுப்பியது, வாடிக்கையாளர் தரப்பில் எதற்கு யாரை அணுக வேண்டும் என்று காட்டும் மிக நேர்த்தியான ஓர் அட்டவணை. திங்கட்கிழமை காட்ட வேண்டிய முன்மாதிரி இல்லை. பழி அவர் மேல் விழுந்தது.

ஏன் கேட்கவில்லை என்று விசாரித்தேன். "எல்லாரும் தலையாட்டினார்கள் சார், எனக்கு மட்டும்தான் தெரியவில்லை என்று நினைத்துவிட்டேன்" என்றார். பிறகு அந்தக் கூட்டத்தில் இருந்த மற்றவர்களிடம் தனித்தனியாகப் பேசிப் பார்த்தேன். தலையாட்டியவர்களில் இன்னும் இருவருக்கு எந்தப் பி.ஓ.சி. என்பதில் தெளிவு இல்லை. புதியவர்களுக்குப் பயிற்சி அளிப்பதும், சுற்றறிக்கைகளைத் திருத்திக் கொடுப்பதும் 15 ஆண்டுகளாக என் வேலை. இந்தத் தலையாட்டலைத்தான் நான் மற்ற எல்லாவற்றையும்விட அஞ்சுகிறேன்.

ஒரு தொழிலில் இருப்பவர்கள் தங்களுக்குள் தனிச்சொல் வைத்துக்கொள்வது புதிதல்ல. தமிழ் இலக்கணம் அதற்குக் குழூஉக்குறி என்று பெயரிட்டு, தகுதி வழக்கு மூன்றில் ஒன்றாகவே ஏற்றுக்கொண்டிருக்கிறது. பொற்கொல்லர் பொன்னைப் பறி என்பதும், யானைப்பாகர் ஆடையைக் காரை என்பதும் பள்ளியில் நாம் மனப்பாடம் செய்த எடுத்துக்காட்டுகள். அவை அந்தக் குழுவுக்குள் மட்டும் புழங்கிய சொற்கள். அலுவலகத்தில் நடப்பது வேறு. கணக்குப் பிரிவின் குறி, விற்பனைப் பிரிவின் குறி, மென்பொருள் குழுவின் குறி எல்லாம் ஒரே கூட்டத்தில், ஒரே மின்னஞ்சலில், எல்லாருக்கும் தெரியும் என்ற எண்ணத்தில் இறக்கப்படுகின்றன. பி.ஆர். என்பது ஒருவருக்கு மக்கள் தொடர்பு, இன்னொருவருக்குக் கொள்முதல் கோரிக்கை, மூன்றாமவருக்கு மென்பொருள் நிரலில் செய்த மாற்றத்தைச் சேர்த்துக்கொள்ளும்படி வைக்கும் வேண்டுகோள். சுருக்கிச் சொல்பவருக்கு ஒரு நொடி மிச்சமாகிறது. அதை விரித்துப் புரிந்துகொள்ளும் சுமை முழுவதும் கேட்பவர் தலையில் ஏறுகிறது.

துறைச்சொற்களே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. பொருள் ஒன்றாகவே இருந்து, இரு தரப்புக்கும் தெரிந்த சொல் உயிரையே காக்கும். 1990 ஜனவரி 25 அன்று நியூயார்க்கின் கென்னடி விமான நிலையத்தில் இறங்க வேண்டிய ஏவியாங்கா 52 விமானம், நெடுநேரம் வானிலேயே காத்திருக்க வைக்கப்பட்டு, எரிபொருள் தீர்ந்து கீழே விழுந்தது. அதில் 73 பேர் இறந்தார்கள். விமானிகள் முன்னுரிமை வேண்டும் என்றார்கள், எரிபொருள் தீர்கிறது என்றும் சொன்னார்கள். ஆனால் தரைக் கட்டுப்பாட்டாளர்களை உடனே செயல்பட வைக்கக்கூடிய எமர்ஜென்சி என்ற சொல்லை அவர்கள் சொல்லவில்லை. எல்லாருக்கும் ஒரே பொருள் தரும் சொல் இருந்தும், அது உரிய நேரத்தில் வாயில் வரவில்லை.

சுருக்கம் தரும் ஆபத்தை மருத்துவத் துறை நெடுநாளைக்கு முன்பே உணர்ந்துவிட்டது. அமெரிக்க மருத்துவமனைகளுக்குத் தரச்சான்று வழங்கும் ஜாயின்ட் கமிஷன், 2004ஆம் ஆண்டிலேயே எழுதக்கூடாத சுருக்கங்களின் பட்டியலை நடைமுறைக்குக் கொண்டுவந்தது. இன்சுலின் அளவைக் குறிக்கும்போது யூனிட் என்று முழுதாக எழுதாமல் ஆங்கில 'யூ' எழுத்தை மட்டும் எண்ணை ஒட்டி எழுதினால், அது சுழியமாகத் தெரிந்து பத்து மடங்கு மருந்து செலுத்தப்பட்டுவிடலாம். ஒரு சொல்லை முழுதாக எழுதச் சில நொடி போதும் என்ற எளிய கணக்கை அங்கே விதியாகவே வைத்தார்கள். அலுவலகத்தில் உயிர் போவதில்லை என்பதால் நாம் இதைச் சிறிய எரிச்சலாக ஒதுக்கிவிடுகிறோம்.

எரிச்சல் என்றே ஒதுக்கத்தக்கவையும் உண்டு. சர்க்கிள் பேக் செய்கிறேன் (பிறகு இதற்குத் திரும்பி வருகிறேன்), ஆஃப்லைனில் பேசுவோம் (கூட்டத்துக்கு வெளியே தனியாகப் பேசுவோம்), பேண்ட்விட்த் இருக்கிறதா (இதற்கு நேரம் இருக்கிறதா) என்பவை காதை உறுத்துகின்றனவே தவிர, கேட்பவருக்குப் பெரும்பாலும் புரிந்துவிடுகின்றன. நான் கவலைப்படுவது பொருளையே விழுங்கிவிடும் சொற்களைப் பற்றி. "இதில் எல்லாரும் அலைன் ஆகிவிட வேண்டும்", அதாவது ஒத்துப்போக வேண்டும் என்று முடியும் ஒரு மின்னஞ்சலில், செய்ய வேண்டிய வேலை என்ன, அதைச் செய்யப்போகிறவர் யார் என்ற இரண்டுமே இல்லை. இ.ஓ.டி.க்குள் அனுப்பவும் என்று எழுதுகிறார்கள். நாள் முடிவு என்பது எழுதியவரின் மாலை ஆறு மணியா, பல மணி நேரம் பின்னால் இருக்கும் வேறொரு நாட்டுக் குழுவின் மாலையா, நள்ளிரவா? இதற்காகவே ஒரு குழு இரவெல்லாம் விழித்திருந்து அனுப்பிய அறிக்கையை, மறுநாள் மதியம்தான் திறந்து பார்த்தார்கள் என்பதை அருகிலிருந்து கண்டிருக்கிறேன். மாலை 6 மணி என்று எழுதி, எந்த ஊர் நேரம் என்பதையும் சேர்த்திருந்தால் அவர்கள் தூங்கியிருப்பார்கள்.

இதைவிடக் கொடியது கெட்ட செய்தியை மூடும் சொல். தகுதி வழக்கில் மங்கலம் என்பதும் ஒன்று. இறந்தார் என்று சொல்லாமல் துஞ்சினார் என்பது கேட்பவர் மனம் நோகாமல் இருப்பதற்காக. ஆட்குறைப்பை ரைட்சைசிங், ரீஸ்ட்ரக்சரிங் என்று அலுவலகம் எழுதுவதோ, சொல்பவருக்குச் சங்கடம் வராமல் இருப்பதற்காக. ஒரு நிறுவனத்தில் அப்படி ஒரு சுற்றறிக்கை வந்த அன்று, நடுத்தர வயதுள்ள ஓர் ஊழியர் அதை அச்செடுத்து, வரிகளின் அடியில் கோடு போட்டபடி என் இருக்கைக்கு வந்தார். "மூன்று முறை படித்துவிட்டேன் சார். இதில் எனக்கு வேலை இருக்கிறதா, இல்லையா? அதை மட்டும் சொல்லுங்கள்" என்றார். இரண்டு பக்கத்தில் அந்த ஒரு கேள்விக்கு விடை இல்லை. தாளைப் பிடித்திருந்த அவர் விரல் நடுங்கிக்கொண்டிருந்தது. எத்தனை பேருக்கு வேலை போகிறது, எந்தப் பிரிவில், எந்தத் தேதியில், என்ன இழப்பீடு என்று நான்கு வரிகளில் எழுதியிருந்தால் செய்தியின் வலி குறைந்திருக்காது; ஆனால் அவர் அந்த வலியோடு தெளிவின்மையையும் சேர்த்துச் சுமந்திருக்க மாட்டார்.

ஸ்பேஸ்எக்ஸ் நிறுவனத்தில் 2010ஆம் ஆண்டு எலான் மஸ்க் தம் ஊழியர்களுக்கு அனுப்பிய மின்னஞ்சல் ஒன்று பரவலாக அறியப்பட்டது. சுருக்கங்களைத் தம் இஷ்டத்துக்கு உருவாக்குவதை நிறுத்தும்படி அவர் அதில் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். அவர் காட்டிய காரணம் எனக்கு முக்கியமாகப் படுகிறது: கூட்டத்தில் அறியாதவராகத் தெரிய யாரும் விரும்புவதில்லை, எனவே புரியாமலேயே உட்கார்ந்திருக்கிறார்கள், புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு இது மிகவும் கடினம். அந்தக் குறிப்பேட்டின் கடைசிப் பக்கம் சொன்னதும் இதையேதான்.

நான் இப்போது என் கைக்கு வரும் சுற்றறிக்கைகளில் முதலில் தேடுவது யார், எதை, எப்போது என்ற மூன்றை. அவை இல்லையென்றால் மொழியைத் திருத்துவதற்கு முன் எழுதியவரையே கூப்பிட்டுக் கேட்கிறேன். பல நேரம் அவருக்கே அது முடிவாகியிருக்காது, அந்த முடிவின்மையை மறைக்கத்தான் பெரிய சொற்கள் வந்திருக்கும். சுருக்கம் முதல்முறை வரும் இடத்தில் விரித்து எழுதச் சொல்கிறேன். இரண்டு பொருள் உள்ள சுருக்கத்தை விரித்தே எழுத வேண்டும் என்பதில் விட்டுக்கொடுப்பதில்லை. பன்னாட்டுத் தரநிர்ணய அமைப்பு எளிய மொழிக்கென 2023ஆம் ஆண்டு வெளியிட்ட தரநிலையும் படிப்பவரை நடுவில் வைத்தே பேசுகிறது: அவருக்குத் தேவையானது அதில் இருக்க வேண்டும், அதை அவர் எளிதில் கண்டுபிடிக்க வேண்டும், புரிந்துகொள்ள வேண்டும், பயன்படுத்த முடிய வேண்டும். ஆகவே அறிக்கை வெளியே போகும் முன், குழுவில் கடைசியாகச் சேர்ந்தவரிடம் கொடுத்துப் படிக்கச் சொல்கிறேன். அவர் எங்கே நிற்கிறாரோ அங்கே திருத்தம் தேவை.

இவை எல்லாம் எழுத்துக்கு. கூட்டத்தில் பேசப்படுவதற்கு நான் கண்ட ஒரே வழி, மூத்தவர்கள் வாய் திறப்பதுதான். புதியவரைப் பார்த்துத் "தயங்காமல் கேளுங்கள்" என்று எத்தனை முறை சொன்னாலும் பயனில்லை. கேட்டால் என்ன நினைப்பார்களோ என்ற அச்சம் அவருக்குத்தான் இருக்கிறது, நமக்கில்லை. இதை அந்த மேலாளரிடமும் அவர் குழுவில் உள்ள மூத்த பொறியாளர் ஒருவரிடமும் எடுத்துச் சொன்னேன். அடுத்த மாதக் கூட்டத்தில் யாரோ ஒருவர் புதிய சுருக்கம் ஒன்றைச் சொன்னபோது, 20 ஆண்டு அனுபவமுள்ள அந்தப் பொறியாளர் கையை உயர்த்தி, "எனக்குத் தெரியவில்லை, அதற்கு விரிவு என்ன?" என்று கேட்டார். சொன்னவர் விளக்கி முடிப்பதற்குள் மேசையைச் சுற்றி நான்கு பேர் குறிப்பேட்டைத் திறந்து எழுதிக்கொண்டார்கள். அவர்களில் ஒருவர் அந்த மேலாளர்.