ஆயில் ஸ்பில்: கசிவா, சிந்தலா?

எண்ணூர் முகத்துவாரத்தில் 2023 டிசம்பரில் எண்ணெய் படிந்தபோது, தொலைக்காட்சி, நாளிதழ், கைப்பேசி என்று எங்கே திரும்பினாலும் 'எண்ணெய்க் கசிவு'. 2017 ஜனவரி 28 அன்று காமராஜர் துறைமுகத்துக்கு வெளியே இரண்டு கப்பல்கள் மோதி, கரையில் ஒதுங்கிய கறுப்புக் குழம்பை வாளி வாளியாக அள்ளினார்களே, அப்போதும் கசிவுதான். 2010இல் மெக்சிகோ வளைகுடாவில் எண்ணெய்க் கிணறு தோண்டும் டீப்வாட்டர் ஹொரைசன் மேடை வெடித்து 11 பேர் இறந்தார்கள். கடலடிக் கிணறு 87 நாள் பீறிட்டது. அமெரிக்க அரசின் மதிப்பீட்டில் ஏறத்தாழ 49 லட்சம் பீப்பாய். அதுவும் கசிந்ததாம்!

எங்கள் கிருஷ்ணகிரியில் நெடுஞ்சாலையோர லாரிப் பட்டறை எதிலாவது கேட்டுப் பாருங்கள். கேஸ்கெட் ஓரம் ஈரமாக மினுங்கினால், "லேசா கசியுதுங்க, ஓட்டிக்கலாம்" என்பார் மெக்கானிக். தரையில் சொட்ட ஆரம்பித்தால் "ஒழுகுது". தொப்பூர் கணவாய் இறக்கத்தில் டேங்கர் கவிழ்ந்தால் "ரோடெல்லாம் ஆயில் கொட்டிக் கிடக்கு, பாத்துப் போ" என்பார்கள். டேங்கர் கவிழ்ந்ததைக் கசிவு என்று சொல்லும் ஆளை இந்தப் பக்கம் நான் பார்த்ததில்லை. செய்தி வாசிப்பவர் மட்டும்தான் சொல்வார்.

சொற்பிறப்பைச் சுருக்கமாக முடித்துவிடுகிறேன். எண்ணெய் என்பது எள் + நெய். எள்ளை மறந்து, தேங்காய் எண்ணெய், மண்ணெண்ணெய் என்று எல்லாவற்றுக்கும் பொதுப்பெயர் ஆக்கிவிட்டோம். ஆங்கில 'ஆயில்' ஆலிவ் காயிலிருந்து வந்து அதேபோலப் பொதுவானது. 'கச்சா' இந்தி வழி வந்தது, இருந்துவிட்டுப் போகட்டும். 'ஸ்பில்' பழைய ஆங்கிலத்தில் அழித்தல், கொல்லுதல் என்ற பொருளில் வழங்கியது. அப்புறம் ரத்தம் சிந்துவதற்கு வந்து, பிறகுதான் பால், தண்ணீர் சிந்துவதற்கு இறங்கியது. நம் 'சிந்து'வும் ரத்தத்துக்கும் வரும், பாலுக்கும் வரும். இவ்வளவு பொருத்தமான சொல் கைவசம் இருக்கும்போது கசிவைத் தேடிப் போனது எதற்கு?

கசிதல் என்றால் ஈரம் ஊறி மெல்ல வெளிப்படுதல். மண்பானை கசியும், மழைக்காலச் சுவர் கசியும், பக்திப் பாடலில் உள்ளம் கசியும். கடலடிப் பாறைப் பிளவுகளிலிருந்து கச்சா எண்ணெய் தானாக ஊறி வருவதும் உண்டு. மெக்சிகோ வளைகுடாவிலேயே அப்படிப்பட்ட இடங்கள் ஏராளம். ஆங்கிலத்தில் அதற்கு 'சீப்' என்று பெயர். அதுதான் அசல் கசிவு. குழாய் ஓட்டையில் வருவது 'லீக்', தமிழில் ஒழுக்கு. கவிழ்ந்தோ உடைந்தோ மொத்தமாகக் கொட்டுவது மூன்றாவது, அதுதான் 'ஸ்பில்'. மூன்றையும் கசிவு என்றே எழுதிவைத்தால், நாளை ஒரு நிறுவனம் "அங்கே இயற்கையாகவே கசிவு உண்டு" என்று வாதாடும்போது தமிழில் எப்படி மறுப்பது?

இது வெறும் இலக்கணச் சண்டை இல்லை என்பதற்கு எண்ணூரே சாட்சி. மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலி சுத்திகரிப்பு ஆலைப் பக்கமிருந்து எண்ணெய் பக்கிங்காம் கால்வாய் வழியே கொசஸ்தலை ஆற்றுக்கும் முகத்துவாரத்துக்கும் போனது. ஆலைத் தரப்போ, குழாயில் கசிவே இல்லை, வெள்ளத்தால் வந்த வினை என்றது. குழாய் ஒழுகவில்லை என்பது உண்மையாகவே இருக்கட்டும். ஆற்றில் எண்ணெய் வந்து சேர்ந்ததே, அதற்கு என்ன பேர்? 'கசிவு இல்லை' என்ற ஒரு வரி, நடந்தது முழுவதையும் மறுப்பதுபோலக் காதில் விழுந்துவிடுகிறது.

இன்னொன்று. கசி என்பது செயப்படுபொருள் குன்றிய வினை. 'நிறுவனம் எண்ணெயைக் கசிந்தது' என்று எழுத முடியாது. 'கசியவிட்டது' என்றால் வினாத்தாள் ஞாபகம்தான் வரும். சிந்து அப்படியில்லை. 'எண்ணெய் சிந்தியது' என்றும் சொல்லலாம், 'எண்ணெயைச் சிந்தினார்கள்' என்றும் சொல்லலாம். கொட்டுவும் அதே ரகம். எழுவாய்க்கு ஓர் இருக்கை இருக்கிறது. 1989இல் எக்சான் வால்டெஸ் எண்ணெய்க் கப்பல் அலாஸ்காவில் பாறையில் மோதி எண்ணெயைக் கடலில் கொட்டியது. மறு ஆண்டே அமெரிக்கா இயற்றிய எண்ணெய் மாசுச் சட்டம் 'பொறுப்பான தரப்பு' யார் என்று வரையறை எழுதித்தான் மேலே போகிறது. அப்படிப்பட்ட விபத்தின் செய்தியை, 'யார் செய்தார்' என்று கேட்க வழியில்லாத வினையில் எழுதலாமா?

சிந்தல் சின்ன அளவைத்தானே குறிக்கும் என்று கேட்பார்கள். ஒப்புக்கொள்கிறேன், 'சிந்தாமல் சிதறாமல் சாப்பிடு' என்பது வீட்டுப் பேச்சு. ஆனால் போரில் சிந்திய ரத்தத்தைச் சொட்டுக் கணக்கிலா சொல்கிறோம்? தனித்தமிழ் நண்பர் ஒருவர் 'எண்ணெய் உகுப்பு' என்றார். கண்ணீர் உகுப்பது எல்லோருக்கும் தெரியும், சரி. ஆனால் எண்ணூர் மீனவர் மனு எழுதும்போது அந்தச் சொல் பேனாவுக்கு வருமா? வராது. பெயர்ச்சொல்லாக எண்ணெய்ச் சிந்தல், தலைப்புச் செய்தியில் 'கொட்டியது', நீர்மேல் பரவிக் கிடப்பதற்கு எண்ணெய்ப் படலம். இவை போதும்.

எழுவாயைத் தொலைக்கும் இந்தப் பழக்கம் கடலோரத்தோடு நிற்கவில்லை. ஓசூர் கெலவரப்பள்ளி அணையிலிருந்து தென்பெண்ணையில் தண்ணீர் திறக்கும்போதெல்லாம் 'ஆற்றில் நுரை பொங்கியது' என்று செய்தி வருகிறது. ஆறு தானே சோப்புப் போட்டுக் குளித்த மாதிரி! பெங்களூருப் பக்கத்துச் சாக்கடையும் ஆலைக் கழிவும் 'கலந்தது' என்பார்கள். கலந்தவர்கள் யார் என்று எழுதினால் என்ன?

பக்கத்து வேலூரில் பிறந்த வழக்கின் கதியும் இதுதான். தோல் ஆலைகளின் கழிவு பற்றி வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில், 1996இல் உச்ச நீதிமன்றம் ஆங்கிலத்தில் 'பொல்யூட்டர் பேஸ்' எனப்படும் கொள்கையை நம் சட்டத்தின் பகுதி என்றது. அதை 'மாசுபடுத்துபவர் பணம் செலுத்தும் கொள்கை' என்று பெயர்க்கிறார்கள். டிக்கெட் வாங்கிக்கொண்டு மாசுபடுத்தலாம் என்பதுபோல இருக்கிறது. தீர்ப்போ, பாதிக்கப்பட்டவருக்கு இழப்பீடு தருவதோடு, கெட்ட சூழலை மீட்கும் செலவும் கெடுத்தவருடையது என்கிறது. 'கெடுத்தவரே சீர்செய்யும் நெறி' என்று எழுதலாமே. எழுத்தும் குறைவு, யார் செய்யவேண்டும் என்பதும் முதல் சொல்லிலேயே வந்துவிடுகிறது.