சூட்டை மோப்பம் பிடிக்கும் சாலையோரக் கருவி

'கார் பம்பரில் விசில் மாட்டினால் மான் விலகிவிடுமாமே?' என்று வாசகர் ஒருவர் கேட்டிருந்தார். சோதித்துப் பார்த்த ஆய்வுகளில் பலன் தெரியவில்லை. டயர் இரைச்சலில் அமுங்கிப்போகும் அந்த ஒலி காதில் விழுந்தாலும், அதைக் கேட்டு ஓட வேண்டும் என்று மானுக்கு யார் சொல்லிக்கொடுத்தது? என்னைக் கேட்டால் அது தாயத்து ரகம்.

மானைத் திருத்த முடியாது, ஓட்டுநரின் வேகத்தைக் குறைக்கலாம். 80 கி.மீ. வேகத்தில் வண்டி நொடிக்கு 22 மீட்டர் ஓடுகிறது. சுதாரித்து பிரேக்கை மிதிக்க ஒன்றரை நொடி, பிறகு வண்டி நிற்கும் தூரம்: ஆக மொத்தம் 70 மீட்டரை நெருங்கும். 60 கி.மீ. என்றால் சுமார் 45 மீட்டர் போதும். ஆனால் எந்நேரமும் நிற்கும் 'விலங்குகள் கடக்கும் இடம்' பலகையை யாரும் சட்டை செய்வதில்லை. 1990களில் சுவிட்சர்லாந்தில் சாலையோரம் சென்சார்களை நிறுத்தி, விலங்கு வந்தால் மட்டும் பலகை ஒளிரும்படி செய்தார்கள்.

அந்தச் சென்சார்தான் எனக்குப் பிடித்த சங்கதி. மானின் உடம்பு, நம் உடம்பைப் போலவே, கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்புக் கதிரை வீசிக்கொண்டே இருக்கிறது. அலைநீளம் 10 மைக்ரோமீட்டரை ஒட்டி. சென்சாருக்குள் இருக்கும் படிகம் ஒரு துளி சூடேறினாலும் அதன் பரப்பில் மின்னூட்டம் தோன்றும். சூடு மாறாமல் அப்படியே நின்றால் சமிக்ஞை ஓய்ந்துவிடும். அதாவது இது அளப்பது வெப்பத்தை அல்ல, வெப்பத்தின் மாற்றத்தை. இன்னொரு தந்திரமும் உண்டு. இரண்டு படிகங்களை எதிரெதிராக இணைத்திருப்பார்கள். வெயில் ஏறினால் இரண்டும் சேர்ந்தே சூடாகும். தராசின் இரு தட்டிலும் ஒரே எடை வைத்தாற்போல முள் அசையாது. மான் நடந்து வந்தால் முதலில் ஒன்று, பிறகு மற்றது. முள் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஆடும், பலகை எரியும். அடடா, கம்ப்யூட்டரே இல்லாமல் 'நகர்கிறது, சூடாக இருக்கிறது' என்ற இரண்டையும் கண்டுபிடித்தாயிற்று!

வெயிலில் காய்ந்த புல் காற்றில் ஆடினாலும் ஏமாந்துவிடும் என்பதுதான் தொல்லை. இப்போது வரும் ரேடாரும் வெப்பக் கேமராவும் உருவத்தையும் வேகத்தையும் பார்த்து விலங்கையும் புல்லையும் பிரித்தெடுக்கின்றன. ஆனால் கருவி வாங்கக் கிடைக்கும் பணம் புல் வெட்டவும் லென்ஸ் துடைக்கவும் கிடைப்பதில்லை. பொய் எச்சரிக்கை நாலு வந்தால் ஐந்தாவதை எவரும் நம்பமாட்டார்கள்.

தவளை, பாம்பு, ஆமை எல்லாம் சுற்றுப்புறச் சூட்டிலேயே இருப்பவை. இந்தச் சென்சாருக்கு அவை தெரியவே தெரியாது. அவற்றுக்குச் சாலைக்கடியில் சிறு சுரங்கமும், அதன் வாய்க்கு ஓட்டிச்செல்லும் குட்டை வேலியும்தான் வழி.