சிங்கராஜக் காட்டுக் கொடியும் யாழ்ப்பாணத்துக் குடிநீர்ச் சட்டியும்

கடந்த மாரியில், வேலி அடைக்கும்போது துருப்பிடித்த முட்கம்பி குத்திய காலுடன், அறுபது வயதைத் தாண்டிய தோட்டக்காரர் ஒருவர் சித்த வைத்தியனான என்னிடம் வந்திருந்தார். காயம் பட்டு மூன்று நாள்கள் கழிந்திருந்தன. ஏற்பு (டெட்டனஸ்) ஊசி போட்டீர்களா என்று கேட்டதற்கு, "இல்லை ஐயா, மரமஞ்சள் அவிச்சுக் குடிக்கிறன், அது காணும்தானே" என்றார். மரமஞ்சள் குடித்தால் ஏற்பு வராது என்ற நம்பிக்கை இந்நாட்டில் தமிழரிடமும் சிங்களவரிடமும் ஒருசேர உண்டு. ஆனால் அந்நோயில் தடுப்பூசியின் இடத்தை எந்தக் குடிநீராலும் நிரப்ப முடியாது என்பதால், முதலில் அவரை அரசாங்க வைத்தியசாலைக்கு அனுப்பி வைத்தேன். அவர் மறந்து விட்டுப்போன மரமஞ்சள் பொதி என் மேசையிலேயே கிடந்தது.

அதில் ஒரு துண்டை எடுத்து வெட்டுமுகத்தைப் பார்த்தால், வண்டிச் சில்லின் ஆரக்கால்கள்போல நடுவிலிருந்து விளிம்புக்கு ஓடும் கோடுகளும், அவற்றுக்கிடையே ஊசியால் குத்தியவை போன்ற துளைகளும் வெறுங்கண்ணுக்கே தெரியும். தரையிலிருந்து மரவுச்சிவரை நீரை ஏற்றிய குழாய்களே அந்தத் துளைகள். தண்ணீரில் இட்டால் மஞ்சள் கசியும், நாவில் வைத்தால் கசக்கும். இவ்விரண்டுக்கும் காரணமான பொருளின் பெயர் பெர்பெரின். பெயரில் மரமும் மஞ்சளும் இருந்தாலும், இது மரமுமன்று, மஞ்சளின் இனமுமன்று. நம் வேலிகளிலும் வேம்புகளிலும் படரும் சீந்திலின் குடும்பத்தைச் சேர்ந்த, தண்டு வைரம் பாய்ந்த காட்டுக்கொடி. கொசினியம் பெனெஸ்ட்ராட்டம் என்பது இதன் தாவரவியற் பெயர். சிங்களத்தில் வெனிவெல்கெட்ட என்பார்கள். கொத்தமல்லியுடன் கலந்து கடைகளில் தொங்கும் பைக்கற்றுகளில் வெனிவெல் என்று அச்சிட்டிருப்பதும் இதுவே.

இலங்கையில் இக்கொடி ஈரவலயத்தின் தாழ்நிலக் காடுகளுக்கு உரியது. 1988இல் உலக மரபுரிமைத் தலமாக அறிவிக்கப்பட்ட சிங்கராஜ வனம் அவற்றுள் பலரும் அறிந்தது. மேற்குத் தொடர்ச்சி மலையிலும் தென்கிழக்காசியாவிலும் இது உண்டு; மருந்துக்காக வெட்டி வெட்டியே தென்னிந்தியக் காடுகளில் மிகவும் அருகிப்போனதும் இதே கொடிதான். சுண்ணாம்புக்கல்லின் மேல் மெல்லிய மண்ணும், ஆண்டின் பெரும்பகுதி வரட்சியும் கொண்ட யாழ்ப்பாணக் குடாநாட்டில் இது தானாக முளைக்க வழியில்லை. அதனால் இங்கே மரமஞ்சளை அன்றாடம் எழுதித் தரும் வைத்தியர்களுள் பலர் அதன் இலையைக்கூடக் கண்டதில்லை.

கைதடியில் சித்த மருத்துவம் பயின்று வெளியேறிப் பல ஆண்டுகள் சென்ற பின்னரே நானும் அதைப் பார்த்தேன். தென்பகுதிக் காடொன்றில் எங்களுடன் வந்த வழிகாட்டி, கையின் பருமனில் மரமொன்றைத் தழுவி மேலேறிப்போன தண்டைக் காட்டினார். இலைகள் எட்டாத உயரத்தில் இருந்தமையால், உதிர்ந்து கிடந்த ஒன்றைப் பொறுக்கித் தந்தார். அகன்ற, இதய வடிவான இலை. அடிப்புறம் வெளிறியிருந்தது. சற்று அப்பால் இன்னொரு கொடியின் அடிக்கட்டை மட்டும் நின்றது. கத்தி பட்ட முகம் அப்போதும் பளிச்சென்று மஞ்சளாக இருந்தது. மேலே மரக்கிளைகளில் அக்கொடியின் எஞ்சிய பகுதி காய்ந்து தொங்கிக்கொண்டிருந்தது.

ஆடாதோடையையும் தூதுவளையையும் நாம் இலை இலையாகக் கிள்ளுகிறோம். அடுத்த மழைக்கு அவை மீண்டும் தழைக்கின்றன. மரமஞ்சளில் மருந்தாவது தண்டும் வேருமாகையால், அறுவடை என்பது கொடியை அடியோடு சாய்ப்பதுதான். முற்றிய தண்டுக்கே சந்தையில் மதிப்பு என்பதால், பூத்துக் காய்க்கும் வயதை அடைந்தவையே முதலில் கத்திக்கு இரையாகின்றன. இதனினும் பெரிய இடர் ஒன்று உண்டு. இக்கொடியில் ஆண் வேறு, பெண் வேறு. பூவோ மரவுச்சியில், கீழே கத்தியுடன் நிற்பவருக்குத் தாம் வெட்டுவது எதை என்று தெரியாது. ஒரு காட்டுத்துண்டில் எஞ்சிய இரண்டு மூன்று ஆண் கொடிகளும் போய்விட்டால், பெண் கொடிகள் எத்தனை நின்றாலும் அங்கே விதை பிடிக்காது. நின்றுகொண்டிருக்கும் கொடிகளை எண்ணி, இனம் பிழைத்திருக்கிறது என்று மகிழ்வதில் பொருளில்லாமற் போகும். பயிரிட்டு ஈடு செய்யலாமே என்பார்கள். விதை முளைக்க நெடுநாள் எடுக்கும், முளைப்பதும் சீராக இராது. பற்றி ஏற மரமும் நிழலும் வேண்டும். வெட்டும் பருவத்துக்குப் பல ஆண்டுகள் காத்திருக்க வேண்டும். காட்டுக்குள் நுழைந்து ஒரே நாளில் வெட்டிவரக்கூடியதற்காக அத்தனை ஆண்டுகள் காத்திருக்கும் விவசாயியைக் காண்பது அரிது.

மரமஞ்சளுக்குச் சந்தையில் உள்ள இந்தத் தேவையில் என் பங்கும் இருந்தது. என் பழைய பதிவேடுகளைப் புரட்டியபோது, சுரத்துக்கும், புண் கழுவுவதற்கும், வயிற்றோட்டத்துக்கும், சில வேளைகளில் வெறும் பழக்கத்துக்காகவும் மரமஞ்சளை எழுதியிருப்பதைக் கண்டேன். 2020இல் கொரோனா பரவியபோது கொத்தமல்லியும் வெனிவெல்லும் அவிக்காத வீடு அரிதாக இருந்தது. அந்தப் பழக்கம் இன்னும் முற்றாக விடவில்லை. முகப்பூச்சு, சவர்க்காரம் என்று அழகுசாதனப் பொருள்களிலும் அதைச் சேர்க்கிறார்கள். நிறம் வெளுக்க வேண்டும் என்பதற்காகக் காட்டுக்கொடி ஒன்றை அடியோடு வெட்டுவதை என்னால் எவ்வகையிலும் நியாயப்படுத்த முடியவில்லை.

இப்போது சாதாரணப் புண்ணைக் கழுவ வேப்பம்பட்டையோ, கடுக்காய், நெல்லி, தான்றி சேர்ந்த திரிபலையோ போதுமென்றால் அவற்றையே எழுதுகிறேன். சுரத்துக்கு நிலவேம்பும் பற்பாடகமும் இருக்கின்றன. சளித் தடிமனுக்குக் கொத்தமல்லியும் வேர்க்கொம்பும் (சுக்கு) தாராளமாகக் காணும். மரமஞ்சள் இன்றியமையாதது என்று நான் கருதும் நோயாளிகளுக்கு மட்டும், நாளும் அளவும் குறித்து எழுதுகிறேன். "உடம்புக்கு நல்லது" என்று மாதக்கணக்கில் குடிப்போர் நிறுத்திவிடலாம். கர்ப்பிணிகளும் பாலூட்டும் தாய்மாரும் அதைத் தொடவே கூடாது, ஏனெனில் பெர்பெரின் பச்சிளங்குழந்தையின் மஞ்சட்காமாலையைக் கடுமையாக்கக்கூடும். தூளாக வாங்குவதையும் தவிர்க்கச் சொல்கிறேன்; சரக்கு அருகும்போது கலப்படம் பெருகும், தூளில் அந்த ஆரக்கால் கோடுகளைத் தேடிப் பார்க்கவும் முடியாது.

கலப்படமும் பெயர்க்குழப்பமும் இக்கொடிக்குப் புதியவையல்ல. ஆபிரிக்காவிலிருந்து ஐரோப்பாவுக்குப் போன கலம்பா என்ற மருந்து வேரைக் கொழும்பிலிருந்து வருவதாக முன்பு நினைத்தார்கள். நம் மரமஞ்சளோ 'போலிக் கலம்பா' என்ற பெயரில் அங்கே விலைப்பட்டது.

நான் வழமையாகச் சரக்கு வாங்கும் கடைக்காரரிடம் சென்ற மாதம், இந்த மூட்டை எங்கிருந்து வருகிறது என்று கேட்டேன். "கொழும்பில இருந்து ஐயா" என்றார். கொழும்புக்கு எங்கிருந்து என்றேன். தோட்டத்தில் வளர்த்ததா, காட்டில் வெட்டியதா என்று இதுவரை ஒருவரும் தன்னிடம் கேட்டதில்லை என்றவர், பற்றுச்சீட்டின் பின்புறத்தில் அந்தக் கேள்வியைக் குறித்துக்கொண்டார். தெரிந்து சொல்லும்வரை அடுத்த மூட்டையிலிருந்து எனக்கு நிறுக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறேன்.